பழைய படங்களை வீட்டிலேயே ஸ்கேன் செய்வது: டிபிஐ என்றால் என்ன, எவ்வளவு வைக்கலாம்?

பெரியப்பா காலமானபோது கல்வெட்டுக்கு, அதாவது அவர் நினைவாக அச்சிடும் புத்தகத்துக்கு, ஒரு நல்ல படம் தேவைப்பட்டது. அந்தியேட்டிச் சடங்குக்கு முன் அது அச்சாகிவிட வேண்டும். அவர் சிரித்த முகத்தோடு இருந்தது ஒரே ஒரு படத்தில்தான்: சித்தியின் கலியாணத்தில் எல்லோரும் வரிசையாக நின்று எடுத்த குரூப் படம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மச்சாள் அந்த அல்பத்தைக் கொண்டுவந்திருந்தார். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுப் பிரிண்டரில் வைத்து ஸ்கேன் செய்து, அல்பத்தைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டு நாள் கழித்து அச்சகத்திலிருந்து அழைப்பு வந்தது: "முகத்தைப் பெரிசாக்கினா படம் உடையுது."

கணினித் திரையில் நன்றாகத் தெரிந்த படம் ஏன் உடைந்தது என்று அன்று எனக்குப் புரியவில்லை. இன்னொரு முறை ஸ்கேன் செய்ய அல்பமும் கையில் இல்லை. கல்வெட்டில் பெரியப்பாவின் முகம் மங்கலாகத்தான் வந்தது. அன்று எனக்குத் தெரியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன். அச்சடிக்க, போட்டோ கொப்பி எடுக்க, ஸ்கேன் செய்ய என்று மூன்று வேலையும் செய்யும் சாதாரண பிரிண்டர் ஒன்று வீட்டில் இருந்தால் போதும். இந்த வேலைக்கென்று புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை.

முதலில் டிபிஐ. ஓர் அங்குல நீளத்தில் ஸ்கேனர் எத்தனை புள்ளிகளைப் படிக்கிறது என்பதுதான் அந்த எண். படத்தின் மேல் ஒரு நுளம்பு வலையை விரித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். வலையின் ஒவ்வொரு கண்ணிலும் ஒரே ஒரு நிறத்தைத்தான் குறித்துக்கொள்ளலாம் என்பது விதி. கண்கள் பெரிதாக இருந்தால் ஒரு முழு விழியும் ஒரே கண்ணுக்குள் அடங்கி, வெறும் கறுப்புப் பொட்டாகிவிடும். கண்கள் நுண்ணியவை என்றால் இமை தனியாக, கருமணி தனியாக, அதில் விழுந்த வெளிச்சம் தனியாகப் பதியும். 200 டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு 200 கண்கள். 600 என்றால் 600.

இனி பெரியப்பாவின் படத்துக்கு வருவோம். படம் எட்டுக்கு ஆறு அங்குலம். அதில் அவர் முகம் அரை அங்குல அகலம் இருக்கும். நான் ஸ்கேன் செய்தது 200 டிபிஐயில், ஏனென்றால் பிரிண்டர் ஆவணங்களுக்கான அமைப்பில் இருந்தது, நான் அதை மாற்றிப் பார்க்கவில்லை. அப்படியானால் முகத்துக்குக் கிடைத்தவை அகலத்தில் 100 புள்ளிகள். கல்வெட்டில் அந்த முகம் இரண்டரை அங்குலத்துக்கு வரவேண்டும். அச்சில் தெளிவாக வர அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆக 750 புள்ளிகள் தேவைப்பட்ட இடத்துக்கு நான் கொடுத்தது 100. மீதியை மென்பொருள் ஊகித்து நிரப்பும். அந்த ஊகத்தைத்தான் அச்சகத்தார் "உடையுது" என்கிறார்கள்.

அதே படத்தை 600இல் எடுத்திருந்தால் 300 புள்ளிகள், 1200இல் எடுத்திருந்தால் 600 புள்ளிகள் கிடைத்திருக்கும். 750ஐ எட்டாவிட்டாலும் ஆளை ஆளாகக் காட்டியிருக்கும். ஆகவே டிபிஐயை முடிவு செய்ய, படத்தின் அளவை மட்டும் பார்த்தால் போதாது. நாளைக்கு அந்தப் படத்திலிருந்து எதை எடுத்து, எவ்வளவு பெரிதாக்கப் போகிறீர்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் ஆகக் கூடிய எண்ணில் வைத்துவிடலாமே என்று தோன்றும். அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. வலை எவ்வளவு நுண்ணியதாக இருந்தாலும், கீழே உள்ள கடதாசியில் இல்லாத விவரத்தை அது பிடிக்காது. 1980கள், 90களில் கடையில் கழுவி வாங்கிய ஆறுக்கு நான்கு கலர்ப் படங்களில் பெரும்பாலும் 300 டிபிஐக்கு மேல் படிக்க அதிகம் இராது. 600இல் எடுத்தால் கொஞ்சம் கூடுதல் பாதுகாப்பு. அதற்கு மேல் போனால் கடதாசியின் சொரசொரப்பைத்தான் பெரிதாகப் பார்ப்பீர்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் சில இதற்கு விலக்கு. பெரிய நெகட்டிவைக் கடதாசியோடு ஒட்ட வைத்து அதே அளவில் பதித்தெடுத்த ஸ்டூடியோப் படங்களில் வியக்கும் அளவுக்கு நுணுக்கம் இருக்கும். சேலைக் கரையின் வேலைப்பாடு வரை எண்ணலாம். அவற்றை 1200இல் எடுப்பது வீண் போகாது.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். சாதாரண அல்பப் படங்களுக்கு 600. குரூப் படம், ஸ்டூடியோப் படம், பாஸ்போட் அளவுப் படம் ஆகியவற்றுக்கு 1200. பாஸ்போட் அளவு என்பது 35 மில்லிமீற்றர் அகலம், 45 மில்லிமீற்றர் உயரம். 300இல் எடுத்தால் அகலத்துக்கு 413 புள்ளிகள்தான் கிடைக்கும். சுவரில் மாட்டப் பெரிதாக்க அது போதவே போதாது. ஒருவரின் படம் என்று அந்தச் சின்னத் துண்டு மட்டுமே மிஞ்சியிருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அதற்குக் கூடுதல் நேரம் கொடுக்கலாம்.

இடத்தைப் பற்றியும் பயப்பட வேண்டாம். ஆறுக்கு நான்கு படம் 600 டிபிஐயில் 3600க்கு 2400 புள்ளிகள், அதாவது 86 இலட்சத்துச் சொச்சம். சுருக்காமல் சேமித்தால் ஏறக்குறைய 26 எம்பி. 500 படங்களுக்கு 13 ஜிபி. 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் அடங்கிவிடும். 1200க்குப் போனால் ஒரு படமே நூறு எம்பியைத் தாண்டும். எண் இரட்டித்தால் அகலத்திலும் உயரத்திலும் சேர்ந்தே இரட்டிப்பதால், கோப்பு நான்கு மடங்காகிறது. நேரமும் கூடும்.

பிரிண்டர் வாங்கிய பெட்டியில் 600 × 1200, 1200 × 2400 என்று இரண்டு எண்கள் போட்டிருப்பார்கள். இதைப் புரிந்துகொள்ள, கண்ணாடிக்குக் கீழே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் நல்லது. அங்கே நீளமான கம்பி போன்ற பாகம் ஒன்று இருக்கிறது. அதில் சிவப்பு, பச்சை, நீல எல்இடி விளக்குகள் மாறி மாறி மின்ன, படத்தில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை ஒரு வரிசைச் சென்சர்கள் படிக்கின்றன. கம்பியில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை சென்சர்கள் என்பது முதல் எண். மோட்டார் அந்தக் கம்பியை ஓர் அங்குலத்துக்கு எத்தனை சிறு அடிகளாக நகர்த்துகிறது என்பது இரண்டாவது எண். நாம் நம்ப வேண்டியது சிறிய எண்ணை. மென்பொருளில் 4800, 9600 என்றெல்லாம் தெரிவு இருந்தால், அது இல்லாத புள்ளிகளை ஊகித்துப் போடும் கணக்கு. உங்கள் பிரிண்டரின் முதல் எண் 600 என்றால் 1200 கொடுத்தும் பெரிய பயன் இல்லை. ஸ்டூடியோப் படங்களுக்கு மட்டும் 1200 உள்ள ஒன்றை யாரிடமாவது கேட்டுப் பாருங்கள்.

வீட்டுப் பிரிண்டர்களில் பெரும்பாலும் இருக்கும் இந்தச் சென்சருக்கு ஒரு குணம் உண்டு: கண்ணாடியோடு ஒட்டியிருப்பதுதான் அதற்குத் தெளிவாகத் தெரியும். ஒரு மில்லிமீற்றர் எழும்பினாலும் அந்த இடம் மங்கும். போட்டோக்களுக்கென்றே வரும் பெரிய ஸ்கேனர்களில் உள்ளே முகம் பார்க்கும் கண்ணாடி போன்ற ஆடிகள், லென்ஸ் எல்லாம் வைத்த வேறு முறை இருப்பதால் சற்றுச் சுருண்ட படத்தையும் அவை சமாளிக்கும். நம்முடையது சமாளிக்காது. எவ்வளவு டிபிஐ வைத்தாலும், சுருண்ட படத்தின் நடுவில் ஒரு முகம் மங்கினால் மங்கினதுதான். ஆகவே சுருண்ட படங்களை இரண்டு வெள்ளைக் கடதாசிகளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி ஒரு வாரம் விடுங்கள். அப்புறம் ஸ்கேன் செய்யுங்கள். கையால் எதிர்ப்பக்கம் வளைத்து நிமிர்த்தக் கூடாது, மேற்பூச்சு வெடித்துவிடும்.

மேலே கடதாசியைச் செருகினால் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும் தட்டு சில பிரிண்டர்களில் இருக்கும். பழைய படம் ஒன்றைக்கூட அதில் போடாதீர்கள். உருளைகளுக்கிடையே வளைந்து போகும்போது கீறும், மடியும், சிக்கினால் கிழியும். எவ்வளவு அவசரமானாலும் கண்ணாடியில் வைத்துத்தான்.

கொழும்பில் இந்த வேலைக்குப் பெரிய எதிரி தூசியும் ஈரமும். காலி வீதிப் பக்கம் வீடு என்றால் துடைத்து அரை மணி நேரத்தில் கண்ணாடியில் மறுபடி படலம் தெரியும். 600இல் ஒரு தூசித் துணுக்குக்கூட முகத்தில் வெள்ளைப் புள்ளியாக விழும். நான் செய்வது இது: மேலே சுற்றும் விசிறியை நிறுத்திவிடுவேன். மூக்குக்கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் ஸ்கேனர் கண்ணாடியைத் துடைப்பேன். கறை இருந்தால் துணியில் சில துளி ஈரம் தொட்டுக்கொள்வேன், கண்ணாடியில் நேரே எதையும் ஊற்றமாட்டேன், ஓரத்தால் உள்ளே போய்விடும். படத்தின் மேல் ஈரம் படவே கூடாது. மென்மையான புதுத் தூரிகையால் ஒரு பக்கமாகத் தட்டிவிட்டால் போதும். வாயால் ஊதினால் எச்சில் துளி விழும். படத்தை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும்.

ஒட்டும் அல்பங்கள் தனிச் சிக்கல். பசைக் கோடுகள் போட்ட தடித்த அட்டை, மேலே பிளாஸ்டிக் தாள் என்று 1980களில் எல்லோர் வீட்டிலும் இருந்தவை. இந்த வெக்கையில் பசை இளகி, படம் அட்டையோடு ஒன்றாகிப் போயிருக்கும். இழுத்துப் பார்க்காதீர்கள். பல்லிடுக்கில் சுத்தம் செய்யும் நூலை இரண்டு கையாலும் பிடித்து, படத்துக்கும் அட்டைக்கும் நடுவே மெதுவாக அறுப்பதுபோல் கொண்டு போனால் பல படங்கள் கழன்று வரும். வராதவற்றை விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக் தாளை மட்டும் விலக்கி, பக்கத்தை முழுதாகக் கண்ணாடியில் கவிழ்த்து ஸ்கேன் செய்யலாம். சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படங்களை இன்னும் கவனமாகக் கையாள வேண்டும். பிரித்தால் முகம் கண்ணாடியில் தங்கிவிடும். அவற்றை ஸ்கேன் செய்யாமல், ஜன்னலோர வெளிச்சத்தில் வைத்து நல்ல போனால் நேராகப் படம் எடுப்பதே பாதுகாப்பு. நெகட்டிவ்களையும் இந்தப் பிரிண்டரில் எடுக்க முடியாது, அவற்றுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வேண்டும். ஆனால் எறிந்துவிடாதீர்கள், அச்சுப் படத்தைவிட அதில் கூடுதல் விவரம் இருக்கிறது.

மென்பொருளில் தெரிவு செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். ஆவணம் என்றிருப்பதைப் போட்டோ என்று மாற்றுங்கள். கறுப்பு வெள்ளைப் படமானாலும் கலரிலேயே எடுங்கள். கன்னத்தில் கையால் தீட்டிய சிவப்பு, ஓரத்தில் ஊதா மையில் எழுதிய திகதி, கடதாசி பழுத்த நிறம் எல்லாம் கலரில்தான் பதியும். கறுப்பு வெள்ளையாக்குவதை எப்போது வேண்டுமானாலும் செய்யலாம், இழந்த நிறத்தைத் திரும்பப் பெற முடியாது. தூசி நீக்கு, கூர்மையாக்கு போன்ற தானியங்கி வசதிகளை அணைத்துவிடுங்கள். அம்மம்மாவின் படத்தில் அவர் மூக்குத்தியின் மினுக்கத்தைத் தூசி என்று நினைத்து அழித்துவிட்டது எங்கள் வீட்டு மென்பொருள். மூக்குத்தி இல்லாத அம்மம்மாவை நான் கண்டதேயில்லை.

கலர்ப் படங்கள் செம்மஞ்சளாக மாறியிருப்பது ஸ்கேனரின் பிழையல்ல. கலர்க் கடதாசியில் மூன்று சாயப் படைகள் உண்டு. 1970களிலும் அதை ஒட்டியும் வந்த கடதாசிகள் பலவற்றில், பெட்டிக்குள் இருட்டில் வைத்திருந்தாலும், நீலப்பச்சைச் சாயம் மற்ற இரண்டையும் விட வேகமாக மங்கிவிட்டது. மிஞ்சியது சிவப்பும் மஞ்சளும். பல ஸ்கேனர் மென்பொருள்களில் நிறத்தை மீட்கும் தெரிவு இருக்கிறது, ஓரளவு நன்றாகவே வேலை செய்யும். ஆனால் முதலில் படம் இருக்கிறபடியே ஒன்று எடுத்து வையுங்கள். திருத்தம் எல்லாம் அதன் கொப்பியில்.

சேமிக்கும்போது டிஃப், ஜேபெக் என்று கேட்கும். டிஃப் எதையும் சுருக்கி இழக்காது, கோப்பு பெரிது. ஜேபெக் கண்ணுக்குத் தெரியாதவற்றை விட்டுவிட்டுச் சிறிதாக்கும், திருத்தித் திருத்திச் சேமிக்கும்போது ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் இழக்கும். முக்கியமான படங்களுக்கு டிஃப், மற்றவற்றுக்கு ஆக உயர்ந்த தரத்தில் ஜேபெக் என்று வைத்துக்கொண்டால் போதும். பிடிஎஃப் வேண்டாம். வெளிநாட்டுச் சொந்தங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஆவணமாக இணைத்து அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். நீங்கள் 1200இல் எடுத்ததெல்லாம் வழியிலேயே போய்விடும்.

படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பின்னால்தான் "தம்பிக்கு அன்புடன்" என்று எழுதியிருக்கும், ஸ்டூடியோவின் முத்திரை இருக்கும். கொழும்பில் 1890இல் தொடங்கிய பிளாட்டே போன்ற பழைய ஸ்டூடியோக்களின் பெயர் ஒரு படத்திலோ அதன் அட்டையிலோ இருந்தால், எங்கே எடுத்தது என்ற கேள்விக்கு விடை கிடைத்த மாதிரி. மெல்லிய படம் என்றால் முன்புறத்தை எடுக்கும்போது பின்னால் ஒரு கறுப்புக் கடதாசி வையுங்கள், பின்னெழுத்து முன்னால் தெரியாது. ஓரத்தைத் தானாக வெட்டும் வசதியையும் நிறுத்துங்கள். அந்த வெள்ளை ஓரத்தில் சிறிய எழுத்தில் மாதமும் வருடமும் அச்சிட்டிருக்கலாம்.

கோப்புக்கு வருடம், மாதம், இடம், ஆட்கள் என்ற ஒழுங்கில் பெயர் வைத்தால் அது தானாகவே காலவரிசையில் நிற்கும். 1974-05-வெள்ளவத்தை-சித்தி-கலியாணம்-முன். தமிழிலேயே வைக்கலாம், இன்றைய கணினிகள் ஏற்றுக்கொள்ளும். பின்புறத்துக்கு அதே பெயர், கடைசியில் 'பின்'.

கொப்பி ஒன்று வீட்டில், ஒன்று தனி டிரைவில், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். இந்த நகரத்தில் இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 1983 ஜூலையில் தமிழர் வீடுகளோடு எத்தனையோ அல்பங்களும் எரிந்து போயின. எங்கள் அப்பப்பாவின் கலியாணப் படம் இன்றைக்கு இருக்கிறதென்றால், அதன் கொப்பி ஒன்று முன்பே லண்டனுக்குத் தபாலில் போயிருந்ததால்தான். இப்போது நான் ஸ்கேன் செய்வதெல்லாம் மாத முடிவில் ரொறன்ரோவில் இருக்கும் தம்பிக்கும் போகிறது.

ஸ்கேன் முடிந்த படங்களை மறுபடி அந்த ஒட்டும் அல்பத்தில் வைக்க வேண்டாம். கடதாசி உறைகளில் போட்டு, இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பைகளோடு, மழை நனைக்கும் சுவரை ஒட்டாத அலுமாரியில் வைக்கலாம். கடலுக்குப் பக்கத்து வீடுகளில் பூஞ்சணம் பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். ஜெல்லை மாதம் ஒருமுறை மாற்றுகிறேன்.

குரூப் படம் மறுபடி கையில் வந்தது இந்தச் சித்திரையில், மச்சாளே கொண்டுவந்தார். 1200இல் எடுத்து, மடிகணினியில் பெரிதாக்கிப் பெரியம்மாவின் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தேன். அவர் ஒவ்வொரு முகமாகத் தொட்டுப் பெயர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பெரியப்பாவின் முகத்தில் கொஞ்ச நேரம் நின்றார், அப்புறம் அடுத்த ஆளுக்குப் போனார். பதினேழு பேரில் பதினாறு பேருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. இரண்டாவது வரிசையில் இடப்பக்கம் குடையோடு நிற்கும் பையனை அவருக்கும் தெரியவில்லை. அந்த முகத்தை மட்டும் வெட்டி மட்டக்களப்பில் இருக்கும் மாமிக்கு அனுப்பியிருக்கிறேன், ஆவணமாக இணைத்து.